சோளமா, பொடியா?

டொரிட்டோஸ் சோளச் சிப்ஸ் பொட்டலம் காலியானதும் விரல் நுனியில் ஆரஞ்சுப் பொடி அப்பிக் கிடக்கும். என் கட்சி இதுதான்: விற்பனையாவது அந்தப் பொடி, சோளம் வெறும் சுமைதாங்கி. மெக்ஸிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோல் கழற்றி அரைப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். சோளத்தில் உடல் ஏற்காதபடி பிணைந்து கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை விடுவிப்பது அந்தச் சுண்ணாம்புதான். அந்த மாவில் சுடும் டார்ட்டில்லா ரொட்டிக்கும், அதிலிருந்து வரும் இந்தச் சிப்ஸுக்கும் உரிய வாசமும் அதனால் வருவதே. பொடி தூவியதும் அந்த வாசம் அமுங்கிப்போகிறது. மசாலா இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், 1966இல் டொரிட்டோஸ் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தபோது வெறும் வறுத்த சோளச் சுவைதான், டாக்கோ, நாச்சோ சீஸ் சுவைகள் பிறகு வந்து வியாபாரத்தைத் தூக்கிவிட்டன. ஆனால் அதே அமெரிக்காவின் மெக்ஸிகோ உணவகங்களில், உப்பு மட்டும் போட்ட சிப்ஸைத் தக்காளி மிளகாய் சல்சாவில் தொட்டுக் கூடை கூடையாகத் தின்கிறார்களே, அங்கே சோளம் சப்பென்று இருப்பதாக யார் குறைப்பட்டார்கள்? காரிலும் வேலை மேசையிலும் சல்சாக் கிண்ணம் வைக்க இடமில்லை. அந்த இடத்தைத்தான் பொடி பிடித்துக்கொண்டது (வசதிதான், மறுக்கவில்லை). பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: சோளம், எண்ணெய் என்ற இரண்டுக்குப் பிறகு நீளும் பட்டியல் கிட்டத்தட்ட முழுவதும் பொடியின் கணக்கு.