ஒரே மனத்தில் இரு நம்பிக்கைகள்

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுநகரில் காமராஜர் பிறந்தார். அதற்கு இருபது நாட்களுக்கு முன், ஜூன் 25-இல், பீகார் மாநிலத்து மோத்திகாரியில் அபினித் துறை அலுவலராயிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரால் பிற்காலத்தில் உலகறிந்த எழுத்தாளர்.

1949-இல் வெளிவந்த '1984' என்னும் புதினத்தில் அவர் ஒரு சர்வாதிகார அரசைப் படைத்துக் காட்டுகிறார். அங்கே போரை நடத்தும் துறைக்கு அமைதித் துறை என்று பெயர். பொய்யைப் புனையும் துறைக்கு உண்மைத் துறை என்று பெயர். ஒன்றோடொன்று முரண்படும் இரு கூற்றுகளையும் ஒருங்கே நம்புமாறு மக்கள் பழக்கப்படுகின்றனர். பழகிய மனம் பின்னர் "ஏன்?" என்று கேட்பதில்லை. அதுவே அவ்வரசின் வெற்றி.

இது வெறுங்கற்பனையன்று. 1975 ஜூன் 25 இரவு நம் நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மக்களாட்சியைக் காப்பதற்கென்று கூறியே மக்களின் உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் அக்காலத்தில் விடுதலை கோரி நீதிமன்றத்தை நாட இயலாதென 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். "நாட்டில் ஒழுங்கு வந்துவிட்டது" என்று மகிழ்ந்தோரும் பலர் இருந்தனர்.

ஆட்சியாளரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிடலாமா? ஊர்தோறும் பள்ளி திறந்தவர், மதிய உணவளித்தவர் என்று காமராஜரின் படத்தை நம் வீடுகளில் மாட்டினோம். அதே ஆண்டுகளில், சிவகாசி வட்டாரச் சிற்றூர்களில் விடியுமுன் வந்து நின்ற தீப்பெட்டி ஆலைப் பேருந்தில் நம் பிள்ளைகளை ஏற்றியும் அனுப்பினோம். வறுமை மெய்யே. ஆயினும் முரண்பாடு நம் கண்ணை உறுத்தவில்லையே! ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட 1996 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. நம்மை அவ்வாறு நம்பச் செய்ய எந்தச் சர்வாதிகாரியும் தேவைப்படவில்லை.

எனவே பெற்றோரே, "நேற்று வேறு விதமாகச் சொன்னீர்களே, அப்பா?" என்று பிள்ளை வினவினால் அதட்டி அடக்காதீர்கள். நேற்று சொன்னதையும் இன்று சொல்வதையும் அதனுடன் அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் அடக்கப்படாத அவ்வினா, நாளை நாட்டிலும் அடங்காது.