‘ஜி’ என்ற ஓர் எழுத்துக்கு அஞ்சலாமா?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், காகிதத்தை நீட்டி, “கிராணி ஐயா, பையன் பாஸா, பெயிலா?” என்று கேட்கும் பெற்றோர் பலர். அதில் ஒரு ‘ஜி’யைக் கண்டதும், “எல்லாம் போயிற்று, நாளைக்கே வேலைக்கு வரட்டும்” என்று முடிவு கட்டிய தந்தையரையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த அவசரத்தால் வழி அடைபட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

தமிழ்ப்பள்ளியில் மட்டுமே படித்த நாமும் விசாரித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டோம். அந்தத் தாளில் மதிப்பெண் இராது; தரமே இருக்கும். 2009 முதல் தரங்கள் பத்து: ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, இ, ஜி. ஜி ஒன்றுதான் தோல்வி. சி வரையுள்ள ஏழும் ‘கெபூஜியான்’ என்னும் சிறப்புத் தேர்ச்சி. டியும் இயும் வெறும் தேர்ச்சி. மேற்படிப்புக்கும் பல அரசாங்க வேலைகளுக்கும் சிறப்புத் தேர்ச்சியையே கேட்கிறார்கள்.

சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியில் தேறியாக வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். கணிதத்தில் மட்டும் ஜி வாங்கியவன் சான்றிதழை இழப்பதில்லை. மற்றெல்லாவற்றிலும் நல்ல தரம் பெற்று, வரலாற்றில் ஜி வாங்கியவனுக்கோ சான்றிதழ் இல்லை! வாளி நிறையப் பால் இருந்தாலும், உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றுதானே ஸ்டோரில் கணக்கிடுகிறார்கள்? அதுபோல, எத்தனை ஏ என்று எண்ணுவதோடு நில்லாமல், எந்தப் பாடத்தில் எந்தத் தரம் என்று பாருங்கள்.

அவ்விரு பாடங்களுக்கும் மறுதேர்வு உண்டு. பள்ளியை விட்டவரும் தனித் தேர்வராக எஸ்.பி.எம். எழுதலாம். ஆகவே ஜி என்பது முற்றுப்புள்ளி அன்று.

இன்னொன்றும் சொல்வோம். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021-லும், மூன்றாம் படிவத் தேர்வு 2022-லும் நீக்கப்பட்டன. பிள்ளை பின்தங்கியதைத் தெரிந்துகொள்ள ஐந்தாம் படிவம்வரை காத்திருக்கலாகாது. ஆண்டுதோறும் ஆசிரியரைக் கண்டு கேட்பது நம் கடமை.

சங்கக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு வெளியாகும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். கிராணிமார் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் வாசித்துச் சொல்லட்டும். மறுதேர்வுக்குப் பதியவும் உதவட்டும். சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்ற பிறகுதானே தவறான பிடித்தத்தைத் தட்டிக் கேட்டோம்? பிள்ளையின் தேர்வுத்தாளையும் வாசிக்கக் கற்போம்!