குளவி கொட்டியவருக்குக் குளிசை போதாது!

மலையில் குளவி கலைந்து ஆட்கள் சாய்ந்தால், "குளவிக்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கையை விரிப்பது தோட்ட நிர்வாகங்களின் வழக்கம். குளவி கொட்டுவதை முழுவதுமாக நிறுத்த முடியாதுதான். ஆனால், கொட்டிய பின் வரும் சாவைப் பல வேளைகளில் தடுக்கலாம்.

கொட்டுப்பட்டவரிடம் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை கொட்டியது?" என்பது. இரண்டு என்றால், "போய் வேலையைப் பார்" என்கிறார்கள். இது தவறு. நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷமே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் கடும் ஒவ்வாமைக்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். "போன வருஷம் கொட்டியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நம்பி இருக்கவும் கூடாது. அந்தக் கொட்டே உடம்பை ஒவ்வாமைக்குத் தயார்படுத்தியிருக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பில் என்ன நடக்கிறது? உடம்பெங்கும் தடிப்பும் அரிப்பும், உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிழுப்பு, வாந்தி, வயிற்று வலி, தலைசுற்று, மயக்கம் ஆகியவை அடையாளங்கள். தடிப்பு இல்லாமலும் இது வரும். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை தேவையில்லை. கண்ணும் காதும் போதும்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போடலாம். பிரிட்டன் குளிசை அரிப்பைத்தான் குறைக்கும். அடைபடும் மூச்சைத் திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. குளிசையைக் கொடுத்து லயத்துக்கு அனுப்புவது வைத்தியம் அல்ல, கைகழுவல்.

மயங்கியவரை நடக்க வைப்பதும், கொழுந்து லொறியில் உட்கார வைத்து ஏற்றுவதும் ஆபத்து. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பி வரலாம்.

இன்னொன்றும் உண்டு. கொட்டுப்பட்டு இறந்தவரை "மாரடைப்பு" என்று மட்டும் எழுதிவிட்டால், வேலையில் நேர்ந்த விபத்து என்பதே மறைந்துபோகும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உரியது. எந்த மலையில், எத்தனை மணிக்குக் கொட்டியது, யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டில் குளவி கொட்டு என்று பதியச் சொல்லுங்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் காலாவதியாகாத அட்ரினலின் இருக்க வேண்டும். அதைப் போடப் பயிற்சி பெற்றவர் வேலை நேரம் முழுவதும் இருக்க வேண்டும். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வாகனம் வேண்டும். கூடு கண்ட மலையில், அதை அகற்றும் வரை கொழுந்து எடுக்கச் சொல்லக் கூடாது. அதற்காகப் பேரையும் வெட்டக் கூடாது. தோட்டத்தைக் காடாக விட்டது நிர்வாகம். அந்தக் காட்டுக்குள் நம்மை மட்டும் அனுப்புவது எந்த நியாயம்?

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் தலைவிகளே! இந்தக் கிழமையே மருந்தகத்துக்குப் போங்கள். "அட்ரினலின் இருக்கிறதா? எத்தனை? எப்போது காலாவதி?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மீதியைச் சங்கம் பேசும்.