செவிடன் காதில் ஊதிய சங்கு

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்துள்ள சுல்தான் அபு பாக்கார் அணை பெருமழையால் நிரம்பியது, நீர் திறந்துவிடப்பட்டது. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கப்பட்டதாக அணையை நடத்துவோர் அறிவித்தனர். ஆயினும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து வீடுகளை வாரிச் சென்றது, உயிர்களும் பலியாயின. காது கேளாத ஒருவர் அவ்விரவில் அங்கே உறங்கிக்கொண்டிருந்தால் அவரை எழுப்பியிருக்கக் கூடியவர் யார்?

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த உவமைத்தொடர். பயனற்ற செயல் என்று அதற்குப் பொருள் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பயனின்மைக்குக் காரணம் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. கேளாதவனே குற்றவாளி என்று தொடர் தானே தீர்ப்பளித்துவிடுகிறது. கேட்க இயலாது என்று அறிந்தும் சங்கையே மீண்டும் மீண்டும் ஊதிக்கொண்டிருப்பவனின் அறிவைப் பற்றி அத்தொடர் வாய்திறப்பதில்லை. வள்ளுவர் இவ்வகையில் மாறுபட்டவர். கேள்வி அதிகாரத்தில் அவர் செவிடு எனக் கருதுவது, நல்ல கேள்வியால் துளைக்கப்படாத, ஓசை மட்டும் கேட்கின்ற செவியையே. அக்குறளை மனப்பாடம் செய்விப்போரும் வகுப்பறையில் 'செவிடா' என்று மாணவனைத் திட்டுவதுண்டு.

தேயிலைத் தோட்டத்து வாழ்வு முழுவதும் ஓசையால் கட்டப்பட்டது. போ தோட்டம் 1929இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலைச் சரிவுகளில் உழைத்த தமிழர்க்கு விடியலை உணர்த்தியது ஓசை. பெரட்டுக்கு அழைத்தது ஓசை. ஆபத்தை அறிவித்ததும் ஓசையே. இன்று கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். ஆயினும் அந்த ஏற்பாடு மாறவில்லை. மூடுபனியில் வளைவுக்கு அப்பால் வரும் லாரியைக் கண் காணாது; அதன் ஊதலொலியே எச்சரிக்கை. இருவர் தூக்கிச் செல்லும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை நிறுத்துமாறு மேற்சரிவிலிருந்து ஒருவர் கத்தினால், அக்குரல் கேட்டால்தான் உண்டு. போதாக்குறைக்கு, இயந்திர இரைச்சலே செவியைக் கெடுக்கும். தொழிற்சாலைகளுக்கென 1989இல் வந்த விதிகள் நாளொன்றுக்கு 90 டெசிபல் வரை ஒப்பின. 2019ஆம் ஆண்டின் விதிகள்தாம் அதனை 85ஆகக் குறைத்தன. செவியை இழக்கச் செய்யும் இடத்திலேயே செவியை நம்பி வாழுமாறு கட்டளையிடுவது என்ன நியாயம்?

இதற்கு விடைகளுள் ஒன்று செவித்துணை நாய். அமெரிக்காவில் 1970களில் தொடங்கிய இம்முயற்சி, பிரிட்டனில் 1982இல் நிறுவன வடிவம் பெற்றது. கதவு தட்டப்படும் ஓசை, கடிகார மணி, குழந்தையின் அழுகை ஆகியவற்றைக் கேட்டதும் அந்நாய் தன் எசமானரை மூக்காலோ முன்காலாலோ தொடும். பின்னர் ஓசை எழும் இடத்திற்கு அழைத்துச் செல்லும். தீ எச்சரிக்கை ஒலித்தால் மட்டும் அழைத்துச் செல்வதில்லை. எரியும் இடத்திற்கு எவரையேனும் அழைத்துச் செல்லலாமோ? அவரைத் தொட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளும்; அதுவே ஆபத்தின் அடையாளம். குரைத்துப் பயனில்லாத ஒருவர்க்குக் குரைக்காமல் செய்தி சொல்லக் கற்ற விலங்கு அது. உயிருள்ள சங்கு என்றே அதனைக் கூறலாம். ஆனால் ஊதிவிட்டுப் போய்விடாத சங்கு.

மலேசியச் சட்டம் இதற்கு என்ன இடம் தந்தது? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரமொழியாக ஏற்றது, அது பாராட்டத்தக்கது. துணைநாயைப் பற்றியோ அச்சட்டம் இயற்றப்பட்டபோது ஒரு சொல்லும் சேர்க்கப்படவில்லை. உரிமையை மறுப்பவர்க்குத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. விளைவு என்னவாயிற்று? 2014ஆம் ஆண்டில் பார்வையற்ற ஒருவர் பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயுடன் வெளியே சென்றபோது, பொது இடங்களில் தடுக்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. வழிகாட்டி நாய்க்கே இந்நிலை என்றால், வெளிப்பார்வைக்கு எக்குறையும் தெரியாத காது கேளாதவரின் நாயை எந்தக் காவலாளி உள்ளே விடுவார்? சப்பான் நாடு 2002இலேயே வழிகாட்டி நாய், செவித்துணை நாய், உடலியக்கத் துணைநாய் மூன்றுக்கும் சேர்த்துத் தனிச்சட்டம் இயற்றியது. 2008 முதல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பணியாளரின் துணைநாயைப் பணியிடத்திலும் ஏற்றாக வேண்டும்.

சமயம் இடந்தராது என்று உடனே சிலர் கூறுவர். அண்டை வீட்டாரின் மார்க்க உணர்வை மதிப்பது கடமையே. ஆனால் அதையே போர்வையாக்கிக்கொண்டு ஒதுங்குவது கோழைத்தனம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துப் பள்ளிவாசல் ஒன்று, பார்வையற்ற மாணவர் ஒருவரின் வழிகாட்டி நாய்க்கு 2008ஆம் ஆண்டில் தன் முகப்பில் இடமளித்தது. சமய அறிஞர்கள் ஆராய்ந்து இசைந்த பின்னரே அது நிகழ்ந்தது. ஒருவரை ஒருவர் கலந்து பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தமிழரும் இவ்வகையில் தூயவர் அல்லர். பைரவரின் ஊர்தி என்று நாயை வணங்குவர். தன்னைத் தொடர்ந்து வந்த நாயின்றி வானுலகமும் வேண்டேன் என்ற தருமரின் கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பர். அடுத்த கணமே 'நாயே' என்று பிறரை ஏசுவர்.

அதிரும் கருவியும் ஒளிரும் விளக்கும் போதாவோ எனின், பலர்க்குப் போதும். நாயை விரும்பாதோர் மீது அதனைச் சுமத்த வேண்டியதில்லை. உணவுப்பொருள் பதப்படுத்தும் கூடத்திற்குள் நாயை விடுவதும் முறையன்று. பயிற்சிக்குக் காலமும் பொருளும் மிகுதியாகத் தேவை. அதனை மாதச் சம்பளக்காரர் தலையில் ஏற்றாமல் அரசும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒத்துக்கொண்ட பின்னும், வேண்டுவோர்க்குத் துணைநாயுடன் பேருந்தில் ஏறவும் கடைக்குள் நுழையவும் லயத்தில் குடியிருக்கவும் சட்டம் வெளிப்படையாக உரிமை தரவேண்டும் என்ற கோரிக்கை அசையாமல் நிற்கிறது.

நாடாளுமன்றம் வரை போகாமலே தோட்ட நிருவாகங்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு லயத்திலும் காது கேளாதவர் எவரெனக் கேட்டு, நெருக்கடி வேளையில் அவர் கதவைத் திறந்து தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியவர் இன்னார் என்று பெயர் குறித்துவைக்கலாம். அடுத்த பெருமழைக்கு முன்னரே அப்பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.