உணவகம் உயர்ந்தது, சமைத்தவர்?

திறமை மிக்க ஒரு சமையற்கலைஞர் வருகிறார். தெருமுனைச் சிற்றுணவகம் ஊரறிந்த இடமாகிவிடுகிறது. நாம் எல்லோரும் விரும்பிக் கேட்கும் கதை இது. ஆய்வு மாணவர்களாகிய நாம் இக்கதையைக் கேட்கும்போது கூடுதலாக ஒரு கேள்வி எழுப்ப வேண்டும்: உயர்ந்தது யார்? கடையா, முதலாளியா, சமைத்தவரா? சமைத்தவரின் பெயரும் வருமானமும் உயராத இடத்தில் உணவகம் உயர்ந்துவிட்டது என்று எழுதுவது பாதி உண்மையே என்பது என் கருத்து.

நான் வசிக்கும் பெஹாலா, 1984-இல்தான் கொல்கத்தா மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. டயமண்ட் ஹார்பர் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் ‘பாதேர் ஹோட்டல்’ எனப்படும் சோற்றுக்கடைகள் உண்டு. சோறு, பருப்பு, ஒரு காய், மீன்குழம்பு என்பதே பெரும்பாலும் அவற்றின் உணவுப்பட்டியல். 2022 டிசம்பர் 30 அன்று ஜோக்கா–தாராதலா மெட்ரோ திறக்கப்பட்டு, 2024-இல் மாஜேர்ஹாட் வரை நீண்டது. நகரத்தின் மறுகோடியிலிருந்து இங்கே வருவது எளிதாகிவிட்டது. கைப்பேசியோடு வந்து கடைகளைப் படம்பிடிப்போரும் பெருகியுள்ளனர். அத்தகைய காணொளிகளைக் கூர்ந்து பாருங்கள். அடுப்படியில் கேமரா கைகளையும் கரண்டியையும் காட்டும். ஒலிவாங்கியோ கல்லாவில் அமர்ந்திருப்பவரிடம் நீளும்.

சுவை குறைந்தால் மட்டும் சமைப்பவர் நினைவுக்கு வருகிறார். ‘தாக்கூர் மாறிவிட்டார்போல’ என்று இங்கே சொல்வார்கள். ‘மாஸ்டர் மாறிட்டார்போல’ என்று நம் ஊரில் சொல்வதன் நேர் வடிவம் அது. தாக்கூர் என்பது வங்காளத்தில் பிராமணச் சமையற்காரரைக் குறிக்க வழங்கிய சொல். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ‘தாகூர்’ என்ற குடும்பப் பெயராக நாம் அறிந்திருப்பதும் இதே சொல்தான். ஒரு குடும்பத்துக்கு உலகப்புகழ் பெற்ற பெயராக நின்ற சொல், சமையலறையில் ஆளின் பெயரையே மறைத்துவிட்டது. நம்முடைய பரோட்டா மாஸ்டரும் டீ மாஸ்டரும் அதே நிலையில் இருப்பவர்கள்தாம்.

கொல்கத்தாவின் ‘பைஸ் ஹோட்டல்கள்’ பற்றி இன்று நிறையவே எழுதப்படுகிறது. பைசாக் கணக்கில் உணவு கிடைத்த காலத்தின் பெயர் அது. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை. சில இடங்களில் வாழையிலைக்கும் தனிக் காசு. கல்லூரித் தெருவை ஒட்டிய சுவாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், விடுதலைக்குப் பின் தன் பெயரில் சுதந்திர இந்தியாவைச் சேர்த்துக்கொண்டது. மாணவப் பருவத்தில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே உண்டதாகச் சொல்வார்கள். யார் உண்டார் என்பது வாய்மொழி வரலாறாக நிலைத்துவிட்டது. அவருக்குச் சமைத்துப் போட்டவர் யார் என்று கேட்டவர் அரிது.

அந்தக் கேள்வியை ஒரு நாவலாசிரியர் எழுப்பினார். பிபூதிபூஷண் பந்த்யோபாத்யாயின் ‘ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்’ 1940-இல் வெளிவந்தது. அதன் நாயகர் ஹாஜாரி, ராணாகாட் ரயில் நிலையத்தருகே பேச்சு சக்கரவர்த்தியின் உணவகத்தில் மாதம் 7 ரூபாய்க்குச் சமைப்பவர். அவர் கைப்பக்குவத்தை நாடித்தான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கூட்டம் கடைக்கு, ஏச்சு அவருக்கு. இறுதியில் திருட்டுப் பழி சுமத்தி வேலையிலிருந்தும் நீக்குகிறார்கள். பின்னர் அவர் சொந்த உணவகம் தொடங்கி வெல்கிறார். அந்த வெற்றிக்குத் திறமை மட்டும் காரணமன்று. திறமை அவரிடம் முன்பும் இருந்தது. அவரை நம்பிய சில பெண்கள் தங்கள் சேமிப்பைக் கொடுத்தார்கள். அந்த முதலே அவரைப் பழைய முதலாளியின் பிடியிலிருந்து விடுவித்தது. திறமைக்கும் உயர்வுக்கும் நடுவே முதல் என்றொரு படி இருப்பதை இந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவதே இன்றைய உணவு எழுத்தின் குறை.

நம் வரலாற்றிலும் உணவகப் பலகை பெரும் போராட்டப் பொருளாக இருந்திருக்கிறது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியாரின் திராவிடர் கழகம் பல மாதங்கள் மறியல் நடத்தி, ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கவைத்தது. யார் தொட்டுச் சமைத்தால் உண்ணலாம் என்ற சாதி விதிக்குப் பலகையில் இடம் கிடைத்த காலம் அது. சமைத்த கையின் சாதிக்கு விளம்பரம் இருந்தது. அந்தக் கைக்கு உரியவரின் பெயருக்கு அப்போதும் இடம் இல்லை. சாதிச்சொல் அகன்றது நமக்குக் கிடைத்த வெற்றி. வெறுமையான அந்த இடத்தில் உழைப்பவரின் பெயரை எழுதும் வேலை மிச்சமிருக்கிறது.

தாக்கூர், மாஸ்டர் என்னும் சொற்களுக்குப் பின் வந்தது ‘செஃப்’. இச்சொல் பெயரையும் உடன் அழைத்து வருகிறது. தென் கொல்கத்தாவின் ஹிந்துஸ்தான் பார்க்கில் மட்பாண்டங்களும் ஆடைகளும் விற்கும் கடையோடு சேர்ந்த சிறு கஃபே சியென்னா. விளம்பரத் துறையிலிருந்து சமையலுக்கு வந்த ஔரோனி முகர்ஜி அதன் அடுப்படியை ஏற்று, உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பதைக் கொண்டு உணவுப்பட்டியலை அமைத்தபோது, அது நாடறிந்த உணவகமாயிற்று. அவர் பெயரும் சேர்ந்தே பரவியது. நியூயார்க்கில் 2021-இல் திறந்த ‘செம்ம’ உணவகம் இன்னொரு சான்று. அதன் உரிமையாளர்களில் ஒருவரான ரோனி மஜும்தார் கொல்கத்தாவில் பிறந்தவர். நத்தம் பகுதியில் வளர்ந்த விஜயகுமார் அங்கே நத்தைப் பிரட்டலையும் குடல் வறுவலையும் பரிமாறினார். 2022-இல் மிஷலின் நட்சத்திரமும், 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்னும் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வந்தன. வயல்வரப்பில் பொறுக்கிய நத்தை, ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்ட பண்டம், சமைத்தவரின் பெயரோடு மேடை ஏறியது. கையில் பணமுள்ளவர்கள் சமையற்காரரை முன்னிறுத்தவும் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

‘சமையல் கூட்டு உழைப்பு, ஒருவர் பெயரைத் தூக்கிப்பிடித்தால் மசாலா அரைப்பவரும் பாத்திரம் துலக்குபவரும் மறைந்துபோவார்களே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவேதான் பெயரோடு ஊதியத்தையும் சேர்த்துப் பேசுகிறேன். வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கே கட்டாயம். தொழிலாளர் காப்பீட்டுக்கு வரம்பு 10 பேர். நான்கைந்து பேர் உழைக்கும் சோற்றுக்கடை இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கூட்டம் இரட்டித்தாலும் தாக்கூரின் முதுமைக்கு எதுவும் சேர்வதில்லை. ‘சிறு கடை முதலாளியே தடுமாறுகிறார்’ என்பதும் உண்மைதான். ஆனால் கூட்டம் பெருகியபின் கிடைக்கும் கூடுதல் வரவில் சமைப்பவருக்கு ஒரு பங்கு என்று பேசிவைப்பது, தடுமாறும் முதலாளிக்கும் இயலாத செயலன்று. நல்ல சமையற்காரர் கடைமாறிப் போகாதிருக்கவும் அதைவிடச் சிறந்த வழி இல்லை.

உணவுப் பண்பாட்டைப் பற்றி ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆய்வேடுகளில் சமையல் நூல்கள் உண்டு, இல்லத்தரசிகள் உண்டு, முதலாளிகளின் நேர்காணல்கள் உண்டு. அடுப்படியில் நிற்பவரிடம் பேசுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், யாரிடம் தொழில் கற்றார், என்ன சம்பளம், அடுப்பை விட்டு எப்போது ஓய்வார் என்று கேளுங்கள். அவர் இசைந்தால் பெயரோடு எழுதுங்கள். இசையாவிட்டால் அந்த மறுப்புக்கும் ஒரு காரணம் இருக்கும், அதை எழுதுங்கள். பெஹாலாவில் ஒரு சோற்றுக்கடை புகழ்பெறும் நாளில், சாப்பாட்டின் விலை ஏறியதா, சமைத்தவரின் கூலி ஏறியதா என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆய்வு நம்மிடம் இருக்க வேண்டும்.