ஏரிக்கரைப் பள்ளியில் யார் ஆசிரியர்?

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமா என்கிறது பழமொழி. 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி அதையே கல்வித் திட்டமாக்கிற்று: அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில்! நாடு கொதித்தது, 1954-இல் திட்டம் மடிந்தது. அதைப் பெற்றெடுத்த எண்ணம் மடிந்ததா?

பழவேற்காட்டு ஏரிக்கரையிலே வலை வீசும் மீனவரின் பிள்ளையும், சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளரின் பிள்ளையும் வகுப்பில் பின்தங்கினால், 'படிப்பு ஏறாத பிறவி' என்று தீர்ப்பளிப்போர் இன்றும் உண்டு. பிறவியா குற்றவாளி?

உத்தரப் பிரதேசச் சிற்றூர்ச் சிறுவர்க்குப் புதிர்கள் கொடுத்துச் சோதித்தனர் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே எனும் ஆய்வாளர்கள். சாதியைச் சொல்லாதபோது உயர்சாதியாரும் தாழ்த்தப்பட்டோரும் ஏறத்தாழச் சமம். அனைவர் முன்னும் சாதியை அறிவித்ததும் தாழ்த்தப்பட்ட சிறுவரின் திறன் சரிந்தது! 2004-இல் வெளிவந்த முடிவு இது. மூளை மாறவில்லை, சூழ்ந்திருந்த பார்வை மாறிற்று.

அந்தப் பார்வையை மாற்ற வல்லவர் யார்? அமெரிக்காவின் டென்னசி மாநில ஆய்வு விடை தருகிறது: தொடக்க வகுப்புகளில் ஒரு கருப்பின ஆசிரியரிடமேனும் பயின்ற கருப்பின மாணவர் கல்லூரி புகும் வாய்ப்பு 19 விழுக்காடு உயர்ந்தது.

சாதிக்கொரு ஆசிரியர் கேட்கவில்லை நாம். அது குலக்கல்வியின் மறுபிறப்பு! எல்லாப் பள்ளியிலும் எல்லாரும் கற்பிக்க வேண்டும் என்கிறோம். 69 விழுக்காடு இட ஒதுக்கீடு வாயிலைத் திறந்தது. அதன் வழியே வந்த மீனவ, இருளர் ஆசிரியர் எத்தனை பேர்? அரசு எண்ணிச் சொல்லட்டும்! குப்பத்து இளைஞரை உதவித்தொகையுடன் ஆசிரியப் பயிற்சிக்கு அழைக்கட்டும்!

தோழர்களே, கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்!