வாயைக் கட்டச் சொன்னால் எடை குறையுமா?

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

மருந்துத் தட்டுப்பாடு பற்றியோ டாக்டர் பற்றாக்குறை பற்றியோ அல்ல, அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இருக்கும் எடை மெஷினைப் பற்றி எழுதுகிறோம்.

பல இடங்களில் அது சீட்டு போடும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிறார். நர்ஸ் முள்ளைப் பார்த்து, தள்ளி உட்கார்ந்து எழுதுபவருக்குக் கேட்கும்படி "எண்பத்தாறு!" என்கிறார். வரிசையே திரும்பிப் பார்க்கிறது. உள்ளே போனால், வந்தது காய்ச்சலுக்கா காது வலிக்கா என்று கேட்பதற்கு முன்பே, "முதல்ல வாயைக் கட்டும்மா." தனியார் மருத்துவமனைகளிலும் இதே கதைதான், அங்கே ஏசி மட்டும் உண்டு. அவர் அடுத்த முறை எப்போது வருவார்? பெரும்பாலும் சர்க்கரை முற்றி, கால் புண் ஆறாமல் போன பிறகுதான்.

தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37க்கு வந்துவிட்டார்கள். இந்தச் சில ஆண்டுகளில் மாநிலமே கூடிப்பேசி சோம்பேறியாகிவிட்டதா என்ன?

பரம்பரை, தைராய்டு, பிசிஓஎஸ், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இரவு ஷிஃப்ட் எல்லாம் எடையைக் கூட்டும் என்பது உங்கள் டாக்டர்கள் படித்ததுதான். பட்டினி கிடந்து குறைத்தாலும் உடம்பு விடுவதில்லை. எடை குறைத்தவர்களிடம் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஓராண்டு கழித்தும் கூடுதலாகவே இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். எடையை வைத்து இழிவுபடுத்துவது உடலையும் மனதையும் கெடுக்கிறது, முறையான சிகிச்சை கிடைப்பதையும் தடுக்கிறது என்று 2020இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் பன்னாட்டு நிபுணர்கள் கூட்டாக அறிவித்தார்கள்.

அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மறுக்கவில்லை. ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ள வசதியும் வேண்டும். 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கினீர்கள். நல்ல காரியம். விடியும் முன்பே கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளி அதில் எப்போது நடப்பார்? அதிகாலையில் நடக்கலாம் என்றால் சங்கிலிப் பறிப்புப் பயம். மலிவாகக் கிடைப்பதோ அரிசி, சர்க்கரை, பாமாயில். ரேஷனை நிறுத்தச் சொல்லவில்லை, ஏழை வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. மலிவாகக் கொடுப்பதைத் தின்றவரிடமே குற்றத்தைச் சுமத்த வேண்டாம் என்கிறோம்.

எடை பார்ப்பதைத் திரைக்குப் பின்னால் வையுங்கள், எண்ணைக் கூவாமல் எழுதச் சொல்லுங்கள். எடையைப் பற்றிப் பேசலாமா என்று நோயாளியிடம் கேட்டுவிட்டு டாக்டர் பேசட்டும். வந்த நோயை முதலில் பார்க்கட்டும். பெரிய அளவு பிபி பட்டை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை போகும்.

பட்டைக்குக் கொஞ்சம் பணம் ஆகும். மற்றவற்றுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். இந்த மாதமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்